எலைசா அக்னியூ அம்மையாரும் ஆசிரியையின் இளைப்பாறுதலும்

எமது பாடசாலை தொடங்கிய நாட்களில் அங்கு படிப்பித்த ஆசிரியைகள் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையிற் கற்றுத் தேறியவர்கள். அவர்களை ஆளாக்கியவர் எலைசா அக்னியூ அம்மையார். ஆகவே எமது சங்கம் நூறாண்டு காணும் இம்மலரில் அவருடைய வாழ்க்கையை நாம் எழுதுவது, பேத்திமார் கூடியிருந்து பூட்டியைப் பற்றிக் கதைப்பது போன்றதுதான். உடுவிலின் வரலாற்றை எழுதும் எண்ணம் எமக்கில்லை. அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள். எமது கேள்வி வேறு.

எமது பழைய மாணவிகளில் ஆசிரியத் தொழிலுக்குப் போனவர்கள் மிகப் பலர். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் மட்டுமன்றி, ரொறன்ரோ, இலண்டன், சிட்னி என எங்கெங்கோ இருந்து படிப்பிக்கிறார்கள். ஆண்டிறுதியில் இவர்களிடமிருந்து வரும் மடல்கள் எல்லாம் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன: களைப்பு. பரீட்சைத் தாள் திருத்தி, தேர்ச்சி அறிக்கை எழுதி, பெற்றோரைச் சந்தித்து, பரிசளிப்பு விழாவையும் ஒளிவிழாவையும் ஒப்பேற்றி வீடு வந்து சேர்ந்தால், விடுமுறையின் முதல் வாரம் படுக்கையிலும், இரண்டாம் வாரம் தேங்கிக் கிடந்த வீட்டு வேலையிலும், மூன்றாம் வாரம் அடுத்த தவணைக்கான பாடக்குறிப்பிலும் கழிந்துவிடுகிறது. ஆண்டவர் வாக்களித்த இளைப்பாறுதல் இந்த மூன்று வாரங்களில் எந்த வாரத்தில் வருகிறது என்று அவர்களில் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பகிடியாகக் கேட்டதுதான். ஆனாலும் அம்மடலை வாசித்தபோது எங்களில் எவரும் சிரிக்கவில்லை.

அக்கேள்வியை வைத்துக்கொண்டு அக்னியூ அம்மையாரின் வாழ்க்கையைத் திரும்பவும் பார்த்தோம். முதற் பார்வைக்கு அவர் இதற்குப் பொருத்தமானவராகத் தோன்றமாட்டார். 1840ஆம் ஆண்டு தை மாதம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அவர், 1883இல் கண்மூடும்வரை, நாற்பத்துமூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாயகம் போய்வரவில்லை. லீவு எடுத்தறியாத ஒருவரிடம் போய் இளைப்பாறுதலைப் பற்றிக் கேட்பதா என்று தோன்றலாம். கேட்கலாம் என்றே நாம் நினைக்கிறோம்.

அவர் 1807ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்தவர். எட்டு வயதில் ஒருநாள் பூமிசாஸ்திர வகுப்பில் ஆசிரியர் உலகப்படத்தை விரித்து, இந்துசமுத்திரத்தில் ஒரு சிறு தீவைக் காட்டினார். இன்று மொறீசியஸ் எனப்படும் அத்தீவிலேதான் ஹரியற் நியூவெல் என்ற இளம்பெண் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து முதன்முதலாகக் கீழைத்தேசங்களுக்குப் புறப்பட்ட மிஷனரிக் குழுவில் கணவருடன் வந்தவர் அவர். கல்கத்தாவில் தங்க அனுமதி கிடைக்காமல், திரும்பக் கடலேறி, கடலிலேயே பிள்ளையைப் பறிகொடுத்து, 1812இல் பத்தொன்பது வயதில் அத்தீவில் இறந்துபோனார். எந்த வேலைக்காக வந்தாரோ அதைத் தொடங்கவே இல்லை. மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் அங்கிருந்து இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தைப் பார்த்துவிட்டு, மிஷன் வேலைக்கு ஏற்ற இடம் இது என்று தம்மை அனுப்பிய சங்கத்துக்கு எழுதினார். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் வந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். தோற்றுப்போன ஒரு பயணத்தின் முடிவில் இருந்த கல்லறையைக் காட்டிய அந்த ஆசிரியர், தமது வகுப்பிலிருந்த எட்டு வயதுப் பிள்ளை அன்று என்ன தீர்மானித்தாள் என்பதை அறிந்திருக்கமாட்டார். கடவுள் சித்தமானால் தானும் மிஷனரியாகப் போவதென்று அவள் தீர்மானித்தாள்.

அத்தீர்மானம் நிறைவேற இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. வீட்டில் அவரை நம்பியிருந்த நெருங்கிய உறவினர் இருந்தனர். அவர்களைப் பராமரித்து, அவர்கள் ஒவ்வொருவராக இவ்வுலகை விட்டுப்போகும்வரை அவர் புறப்படவில்லை. எங்கள் வீடுகளில் வயது முதிர்ந்த தாய் தகப்பனைப் பார்ப்பதற்காகப் பதவி உயர்வையும் வெளியூர் வாய்ப்பையும் விட்டுவிட்டு இருக்கும் ஆசிரியைகள் எத்தனை பேர்? அவர்கள் இந்த இருபத்துநான்கு ஆண்டுகளைச் சற்றுக் கவனிக்கவேண்டும். அவை வீணான ஆண்டுகள் என்று அக்னியூ அம்மையார் எண்ணியிருந்தால் முப்பத்திரண்டு வயதில் ஒரு புதுத் தேசத்தில், புது மொழியில், முதலாம் பாடத்திலிருந்து தொடங்கும் தெம்பு அவருக்கு இருந்திராது.

1839 ஆடி மாதக் கடைசியில் அமெரிக்கக் கரையை விட்ட பாய்க்கப்பல் அடுத்த தை மாதமே அவரை யாழ்ப்பாணத்திற் கொண்டுவந்து சேர்த்தது. மணமாகாத பெண்ணைத் தூரதேசத்துக்கு அனுப்ப மிஷன் சங்கங்கள் தயங்கிய காலம் அது. இலங்கைக்கு அவ்வாறு வந்த முதற் சிலரில் அவர் ஒருவர்.

உடுவிலிலோ அப்போது பாடசாலை தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1824இல் அதை நிறுவிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1833இல் காலமாகிவிட்டார். அவருக்குப்பின் லீவை ஸ்போல்டிங் ஐயரும் அவர் மனைவி மேரி அம்மையாரும் பொறுப்பேற்றிருந்தனர். பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலத்தில் தொடங்கிய பாடசாலை. உணவும் உடையும் கொடுத்து, படிப்பை முடித்து மணமாகிப் போகும் பிள்ளைக்கு ஒரு சிறு சீதனமும் கொடுத்தே பிள்ளைகளைச் சேர்க்கவேண்டியிருந்தது. சீதனம் என்றால் எங்கள் ஊருக்கு விளங்கும் என்பதை மிஷனரிமார் விரைவிலேயே அறிந்துகொண்டார்கள் போலும்! அக்னியூ அம்மையார் வந்த நாட்களில் நிலைமை மாறத் தொடங்கி, விடுதியில் நூறு பிள்ளைகள் அளவில் இருந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்த வாலிபர்களுக்கு உடுவிலிற் படித்த பெண்களை மணமுடித்துக் கொடுக்கும் வழக்கமும் வேரூன்றியிருந்தது.

விடுதிப் பாடசாலையில் வேலை செய்தவர்களுக்கு இனி நாம் சொல்லப்போவதை விளக்கவேண்டியதில்லை. வகுப்பாசிரியைக்கு மணி அடித்தால் பாடம் முடிந்துவிடும். விடுதியில் இருப்பவளுக்கு மணி அடிப்பது அடுத்த வேலைக்காக. காய்ச்சல் கண்ட பிள்ளை, வீட்டை நினைத்து இராத்திரியில் அழும் பிள்ளை, சண்டை பிடித்த பிள்ளை, கலியாணம் பேசியாயிற்று என்று நடுத் தவணையில் வந்து கூட்டிக்கொண்டுபோக நிற்கும் தகப்பன், எல்லாம் அவள் வாசலுக்குத்தான் வரும். அக்காலத்தில் வாந்திபேதி யாழ்ப்பாணத்துக்கு அடிக்கடி வந்துபோன விருந்தாளி. இவற்றின் நடுவே அம்மையார் தமிழும் படிக்கவேண்டியிருந்தது. சொந்த மொழியிற் படிப்பித்தே நாம் களைக்கிறோம். முப்பத்துமூன்று வயதில் றகர ழகரத்தோடு மல்லுக்கட்டி, அந்த மொழியிலேயே வேதபாடமும் மற்றப் பாடங்களும் நடத்துவது எவ்வளவு களைப்பைத் தந்திருக்கும்!

வந்து இரண்டொரு ஆண்டுகளில் பாடசாலையின் பொறுப்பில் பெரும்பகுதி அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து 1879வரை உடுவிலே அவருடைய வீடு. அவரிடம் கற்ற பிள்ளைகளின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. முதலிற் படித்தவர்களின் மகள்மார் வந்தார்கள், பின்னர் பேத்திமாரும் வந்தார்கள். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரை அழைக்கும் வழக்கம் இப்படித்தான் உண்டாயிற்று. பேருக்கு வைத்த பட்டமாக இதை எடுக்கக்கூடாது. ஒரே குடும்பத்தில் அம்மம்மா, தாய், மகள் மூவருக்கும் ஒரே ஆசிரியை என்றால், அக்குடும்பத்தின் சமையலறைவரை அவர் அறிந்திருப்பார்.

எல்லா ஆண்டும் ஏறுமுகமாக இருந்ததென்று நினைக்கவேண்டாம். 1855இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து இங்குள்ள வேலைகளைப் பார்வையிட்டார். ஆங்கிலக் கல்வி பிள்ளைகளை உத்தியோகத்துக்குத்தான் தயார்செய்கிறது, திருச்சபைக்கு அல்ல என்பது அவர் கருத்து. அதன் விளைவாக வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலம் நிறுத்தப்பட்டு, தமிழே படிப்புமொழியாயிற்று. அத்தீர்மானம் சரியா பிழையா என்று இன்றும் வாதம் செய்யலாம். எங்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. நாம் கவனிப்பது இதையே: தாம் பதினைந்து ஆண்டுகளாக நடத்திய பாடத்திட்டத்தைத் தூர இருப்பவர்கள் ஒரு கூட்டத்தில் மாற்றிவிட்ட பின்னும், அடுத்த இருபத்துநான்கு ஆண்டுகள் அதே வகுப்பறையில் நின்றார். சுற்றறிக்கை வந்து எல்லாம் தலைகீழாகும் வேதனையை அறிந்த ஆசிரியைகளுக்கு இதன் பாரம் தெரியும்.

இனி, நாம் தேடிய விடயத்துக்கு வருகிறோம். பாடசாலை விடுமுறைகளில் அம்மையார் என்ன செய்தார்? ஊரூராகப் போய்த் தம்மிடம் படித்துப்போன பெண்களை அவர்களுடைய வீடுகளிற் சந்தித்தார். மணமாகி வெவ்வேறு கிராமங்களில் வாழ்ந்த பெண்கள், போதகர் மனைவிமார், ஆசிரியைகள், பிள்ளை பெற்றவர்கள், கணவனை இழந்தவர்கள், கிறிஸ்தவத்தை விட்டு வீட்டு வழக்கத்துக்குத் திரும்பியவர்கள் என எல்லா வாசல்களும் அதற்குள் அடங்கும். மணல் ஒழுங்கைகளும் பனைவடலிகளும் கடந்து போகும் இந்தப் பயணம் உடம்புக்கு ஓய்வாக இருந்திருக்காது. ஆனால் இதுவே அவரை நாற்பது ஆண்டுகள் தாங்கியது என்று நாம் நம்புகிறோம்.

ஏன் என்று சொல்கிறோம். ஆசிரியை எப்போதும் காண்பது பாதி வெந்த சோற்றைத்தான். பிள்ளை ஓரளவு பதமாகி வரும்போது அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறாள். பிறகு பாடசாலையை விட்டே போய்விடுகிறாள். புதிதாக வந்த அரிசியோடு ஆசிரியை திரும்பவும் அடுப்படியில் நிற்கிறாள். இப்படி ஆண்டுக்காண்டு பச்சை அரிசியையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, இந்த உலையில் எப்போதாவது சோறு ஆனதுண்டா என்ற ஐயம் எழுகிறது. ஆண்டிறுதியில் வரும் களைப்பில் பாதி உடம்புக் களைப்பு. அது நித்திரையாற் போய்விடும். மறுபாதி இந்த ஐயம். அதற்கு நித்திரை மருந்தாகாது. அம்மையார் விடுமுறையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு காலத்தில் எழுத்துக்கூட்டத் திணறிய பெண் தன் மகளுக்கு வேதம் வாசித்துக் காட்டுவதைப் பார்த்திருந்தால், அந்த ஐயத்துக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

நற்செய்தி நூலிலும் இதற்கு ஒத்த ஒரு காட்சி உண்டு. அனுப்பப்பட்ட சீஷர்கள் ஊர்களிற் போதித்துவிட்டுக் களைத்துத் திரும்பி வருகிறார்கள். உண்பதற்கும் நேரமில்லாமல் சனங்கள் வந்துபோய்க்கொண்டிருக்க, ஆண்டவர் அவர்களைத் தனிமையான ஓர் இடத்துக்கு அழைத்துப்போகிறார். அதை மாற்கு எழுதும் ஒழுங்கைக் கவனித்தால், ஓய்வுக்கு முன்னால் ஒன்று நடக்கிறது. தாங்கள் செய்ததையும் போதித்ததையும் எல்லாம் அவர்கள் அவரிடம் வந்து சொல்லுகிறார்கள். முதலிற் சொல்லி முடித்தல், பிறகு ஓய்வு. அந்தத் தனிமையும் படகில் அக்கரை போகும் நேரம்வரைதான் நிலைத்தது. கரையில் சனக்கூட்டம் முந்திக்கொண்டு வந்து நின்றது. அது எங்கள் விடுமுறையைப் போலவேதான்! ஆனாலும் சொல்லி முடித்துவிட்டவர்களுக்கு அந்தப் படகுப் பயணம் போதுமாயிருந்தது போலும். தவணை முடிந்ததும் அதிபரிடம் இடாப்பை ஒப்படைக்கிறோம். அந்த ஆண்டைக் கடவுளிடம் ஒப்படைக்க எங்களில் எத்தனை பேர் ஒரு மணித்தியாலம் ஒதுக்குகிறோம்? வகுப்பிலிருந்த ஒவ்வொரு பெயரையும் வாயாற் சொல்லி, இவளுக்கு இவ்வளவுதான் என்னாற் செய்ய முடிந்தது என்று சொல்லிவிட்டு எழும்புவது ஒரு பெரிய இறக்கிவைப்பு. செய்து பார்த்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள்.

தாயகம் போகாத விடயத்தையும் நேராகப் பேசிவிடவேண்டும். அமெரிக்காவுக்கு ஓய்வுக்காகப் போகவில்லையா என்று கேட்டவர்களுக்கு, தமக்கு நேரமில்லை, வேலை அதிகம் என்றே அவர் பதில் சொல்வாராம். பிரசங்கங்களில் இதை எடுத்துக்காட்டி, அக்னியூ அம்மையாரே போகவில்லை, உங்களுக்கு என்ன களைப்பு என்ற தோரணையிற் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அது சரியான பிரயோகம் அல்ல என்பது எமது கருத்து. சூயெஸ் கால்வாய் 1869இலேதான் திறக்கப்பட்டது. அதற்குமுன் போய்வருவதென்றால் கடலில் மட்டும் ஓராண்டு அளவில் கழியும். அவர் பராமரித்த உறவினர்கள் இறந்த பின்புதான் அவர் புறப்பட்டவர். திரும்பிப் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு அங்கே இருந்ததா என்பதையும் நினைக்கவேண்டும். அதோடு, அவருக்குச் சமைத்துக் கொடுக்க ஆள் இருந்தது. மாலையில் சந்தைக்குப் போய், பிள்ளைகளை ரியூசனால் கூட்டிவந்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, அதன்பின் தாள் திருத்த உட்காரும் இன்றைய ஆசிரியையின் நாள் அவருடைய நாள் அல்ல.

அவருடைய மிஷனைச் சேர்ந்தவர்களும் ஓய்வைப் பாவமென எண்ணியவர்கள் அல்லர். யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்த மதுரை மிஷனில், வெப்பத்தாலும் நோயாலும் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது, 1845இல் கொடைக்கானல் மலையில் இளைப்பாறுவதற்கென்றே வீடு கட்டினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் போகும் கொடைக்கானல் இப்படித்தான் தொடங்கியது. வேதத்திலும் எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அதன்பின் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து புத்தி சொல்லவில்லை, கடமையை நினைப்பூட்டவில்லை. தழலிற் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பி, சாப்பிடச் சொல்லி, மீண்டும் தூங்கவிட்டான். பேச்செல்லாம் பிறகு, ஓரேபில். ஆகவே விடுமுறையின் முதல் வாரத்தைப் படுக்கையிற் கழிக்கும் எமது சகோதரிகள் குற்ற உணர்வு கொள்ளவேண்டியதில்லை. நித்திரை கொள்ளுங்கள். வீட்டிலுள்ளவர்கள் அந்த அடையைச் சுட்டு வைக்கட்டும்.

இன்னொரு விடயமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் எமது சங்கத்துச் சைவச் சகோதரிகளுக்கு நாம் நேர்மையாக இருக்கமாட்டோம். அவரிடம் கற்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் அறுநூறு பேருக்கு மேல் கிறிஸ்தவர்களாக வெளிவந்தார்கள் என்று மிஷன் எழுத்துக்கள் பெருமையாகச் சொல்கின்றன. அந்த வீடுகளிற் சிலவற்றில் அது கண்ணீராகவும் இருந்தது. அதே காலத்தில் ஆறுமுக நாவலர் மிஷன் கல்விக்கு மாற்றாகச் சைவப் பாடசாலைகளை எழுப்பினார். அக்னியூ அம்மையார் வேலையை விட்ட அதே 1879இலேதான் நாவலரும் மறைந்தார். ஒருவருக்கொருவர் எதிர்ப்பக்கத்தில் நின்ற அந்த இருவருமே மணவாழ்வைத் துறந்து, பிள்ளைகளின் படிப்புக்காகத் தங்களைக் கொடுத்தவர்கள். அறுநூறு என்ற எண்ணுக்கு மறுபக்கத்தில் இன்னும் சில நூறு பேர் இருக்கிறார்கள். அவர் விரும்பிய முடிவை அவர்கள் எடுக்கவில்லை. அவர்களுக்கும் அதே தமிழ், அதே கணக்கு, அதே தையல், அதே சோறு. விளைச்சலைத் தன் கையில் வைத்திருக்க நினைக்கும் ஆசிரியைக்கு இளைப்பாறுதல் வராது. விதைப்பது எங்கள் வேலை, முளைப்பிப்பது எங்கள் வேலையல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கருத்து, ஊழியக்காரருக்கு மட்டுமன்றி ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியைக்கும் உரியது.

ஸ்போல்டிங் ஐயர் 1873இல் காலமானார். முப்பத்துமூன்று ஆண்டுகள் அருகிலிருந்து, தமிழிலும் பாட்டிலும் வல்லவராய், அம்மையாருக்கு மூத்த துணையாய் நின்றவர் அவர். அவரையடுத்து மேரி அம்மையாரும் போய்விட்டார். அம்மையார் இன்னும் சில ஆண்டுகள் தொடர்ந்து, 1879இல், எழுபத்திரண்டு வயதில், பாடசாலையை இளையவர்களிடம் ஒப்படைத்தார். சூசன் ஹௌலண்ட் அம்மையார் அதனை ஏற்று நீண்ட காலம் நடத்தினார்.

ஒப்படைத்த பின் அவர் போய் இருந்த இடம் மானிப்பாய். உடுவிலுக்குப் பக்கத்து ஊர். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எங்களிடையே இருக்கிறார்கள். தாங்கள் படிப்பித்த பாடசாலையின் மணி கேட்கும் தூரத்தில் வீட்டில் இருப்பது எப்படியென்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் உடம்பு தானாக எழும்பும். நேரசூசி தலைக்குள் ஓடும். இன்றைக்கு முதலாம் பாடத்துக்கு யார் போவார்கள் என்று மனம் கேட்கும். வேறொருத்தி தன் வகுப்பைத் தன்னைப்போல் அல்லாமல், ஆனால் நன்றாகவே, நடத்துவதை ஏற்றுக்கொள்வது வேலை செய்வதைவிடக் கடினம். இதுவும் இளைப்பாறுதலுக்குள் வரும் ஒரு பாடம். ஆண்டுதோறும் விடுமுறையில் சிறிது சிறிதாக இதைப் பழகாதவர்களுக்கு, ஓய்வுபெறும் நாள் இடிவிழுந்தாற்போல் வந்து நிற்கிறது.

1880இல் அமெரிக்காவிலிருந்து மேரி, மார்கரெட் லீச் என்ற சகோதரிகள் மிஷன் வேலைக்கு மானிப்பாய்க்கு வந்தனர். அம்மையார் கடைசி ஈராண்டுகளும் அவர்களுடைய இல்லத்திலே வாழ்ந்தார். பின்னர் ஏழு ஆண்டு அனுபவங்களை அவர்கள் நூலாக எழுதியபோது அம்மையாரைப் பற்றி மிகுந்த அன்போடு எழுதினார்கள். இன்று நாம் அவரைப் பற்றி அறிந்தவற்றிற் பெரும்பங்கு அவர்களால் வந்தது. வேலை தொடங்க வந்த இரு இளம்பெண்களும், வேலையை முடித்த ஒரு முதியவரும் ஒரே மேசையில் இருந்து உண்டார்கள். கிராமங்களுக்குப் போன இடமெல்லாம் அம்மையாரிடம் படித்த பெண்களை அச்சகோதரிகள் கண்டார்கள். போன இடத்துச் செய்தியோடு அவர்கள் வீடு திரும்பியபோது, ஒரு காலத்தில் விடுமுறையில் தாம் நடந்து தேடிய ஆறுதல் அம்மையாரின் சாய்மனைக்கே வந்து சேர்ந்திருக்கும்.

இதிலே ஆசிரியைகள் அல்லாத எமது சங்கத்தவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆசிரியையின் களைப்பில் ஒரு பாதி, தான் விதைத்தது முளைத்ததா என்று அறியாமையால் வருவதானால், அதைத் தீர்க்கும் மருந்து பழைய மாணவிகளாகிய எங்கள் கையிலே இருக்கிறது. அவர்கள் வீடு தேடி வரும் காலம் போய்விட்டது. நாமோ உலகம் முழுதும் சிதறியிருக்கிறோம். இன்று போகவேண்டியவர்கள் நாம். எமது சங்கத்தின் கிளைகள் சில, ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் தங்களைப் படிப்பித்த ஓர் ஆசிரியைக்கு ஒரு மடலாவது எழுதுவது அல்லது ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுப்பது என்று முடிவுசெய்திருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி. பொன்னாடையும் நினைவுச்சின்னமும் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் நீங்கள் பிழை பிழையாகப் படித்த பின்னப் பெருக்கலை இன்று உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ரீச்சரின் குரல் உங்கள் வாயில் வந்தது என்றால், அதை அவவுக்குச் சொல்லுங்கள். பொன்னாடையைவிட அது அதிக நாள் சூடாக இருக்கும். அவ இப்போதும் வகுப்பில் நிற்பவரானால், அந்த மடல் தவணை முடிந்த வாரத்திற் போய்ச் சேரட்டும்.

1883ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அம்மையார் பாரிசவாதத்தால் விழுந்தார். பக்கத்திலிருந்தவர்கள், அவருக்காக எதைக் குறித்து ஜெபிக்கவேண்டும் என்று கேட்டபோது, தமது வேதனையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இலங்கையின் பெண்களுக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். யூன் மாதத்தில் மானிப்பாயில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. அவரிடம் படித்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் அடக்க ஆராதனைக்கு வந்து கூடினார்கள்.